கட்டைவிரல் அளவு பழுப்புச் சிட்டு: அது குஞ்சும் இல்லை, பூச்சியும் இல்லை

கேள்வி சுருக்கமாக இது. கோஸ்டா ரிகாவின் வடகிழக்கில், சாராபிக்கி பக்கம் ஒரு காட்டுப் பாதையில் காலையில் நடந்துகொண்டிருந்தபோது, கட்டைவிரல் அளவு பழுப்புப் பறவை ஒன்று புதருக்குள்ளிருந்து தாழப் பறந்து வந்து, முகத்துக்கு நேரே இரண்டு விநாடி அந்தரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது. கையில் இருப்பது கலங்கலான ஒரே ஒரு படம். அதில் வளைந்த அலகு தெரிகிறது, வால் நுனியில் வெளுப்பாக ஏதோ தெரிகிறது. கூட வந்தவர்களில் ஒருவர் ஓசனிச்சிட்டின் (ஹம்மிங்பேர்ட்) குஞ்சு என்கிறார், இன்னொருவர் அந்துப்பூச்சி என்கிறார். இன்னும் மூன்று நாள் அங்கேதான் இருக்கப் போகிறேன், மறுபடி பார்க்க வழி உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு பேர் சொன்னதும் சரியில்லை. நீங்கள் பார்த்தது முழுதாக வளர்ந்த பறவை, அதன் அளவே அவ்வளவுதான். ஆங்கிலத்தில் ஸ்ட்ரைப்-த்ரோட்டட் ஹெர்மிட், அறிவியல் பெயர் ஃபேதோர்னிஸ் ஸ்ட்ரைகுலாரிஸ். ஹெர்மிட் என்றால் துறவி. நான் என் குறிப்பேட்டில் கோட்டுத்தொண்டைத் துறவி என்று எழுதி வைத்திருக்கிறேன், இங்கும் அப்படியே சொல்கிறேன், உங்களுக்கு வேறு நல்ல பெயர் தோன்றினால் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தக் குஞ்சு விஷயம். சின்னதாகப் பார்த்தால் குஞ்சு என்று நினைப்பது கோழியைப் பார்த்து வந்த பழக்கம். ஓசனிச்சிட்டுக் குஞ்சுகள் கூட்டை விட்டு வெளியே வரும்போதே ஏறத்தாழத் தாய் அளவுக்கு வளர்ந்திருக்கும், அலகு மட்டும் கொஞ்சம் குட்டையாக இருக்கலாம். அதனால் பாதி அளவு ஓசனிச்சிட்டு ஒன்று காட்டில் பறந்தால் அது குட்டி இனம், குட்டிப் பறவை இல்லை.

எவ்வளவு குட்டி என்றால், அலகு வால் எல்லாம் சேர்த்து 9 சென்டிமீட்டர், எடை 2 முதல் 3 கிராம். 2011 முதல் வந்த 1 ரூபாய் நாணயம் 3.8 கிராம் வரும், பறவை அதைவிட லேசு. அதே காட்டில் இருக்கும் இதன் பெரிய உறவுக்காரர், லாங்-பில்ட் ஹெர்மிட், சுமார் 6 கிராம், அதாவது 5 ரூபாய் நாணயம் ஒன்று. இந்த நாணயக் கணக்கு எனக்கு மிகவும் உதவியிருக்கிறது. சென்டிமீட்டர் சொன்னால் மனதில் நிற்காது, உள்ளங்கையில் காசை வைத்துப் பார்த்தால் நிற்கும். நம் ஊர் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டையே நாம் பொடியன் என்கிறோம், துறவியின் எடை அதில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் அதிகம்.

அந்துப்பூச்சி என்று சொன்னவரைக் குறை சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டிலிருந்து எனக்கு அடிக்கடி வீடியோ வரும், "எங்கள் தோட்டத்தில் ஓசனிச்சிட்டு வந்திருக்கிறது, பாருங்கள்" என்று. பார்த்தால் சாயங்காலம் பூவின் முன்னால் ரீங்காரம் போட்டு நிற்கும் பருந்து அந்துப்பூச்சியாக இருக்கும், இல்லையென்றால் தேன்சிட்டாக இருக்கும். ஓசனிச்சிட்டு அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறு எங்கேயும் காட்டில் கிடையாது, மொத்தம் 360 இனத்துக்கு மேல் இருந்தும் ஒன்றுகூட இந்தப் பக்கம் வரவில்லை. அந்துப்பூச்சிக்கு நெற்றியில் உணர்கொம்பு இரண்டு தெரியும், உறிஞ்சுகுழல் நூல் மாதிரி வளையும் சுருளும். நீங்கள் பார்த்ததன் அலகு கம்பி மாதிரி விறைப்பாக, ஒரே சீராகக் கீழ்நோக்கி வளைந்திருக்கிறது. கலங்கலான படத்திலும் அது பொய் சொல்லாது.

சரி, கலங்கலான படத்தை வைத்து இனம் வரைக்கும் எப்படிப் போகிறேன்? ஓசனிச்சிட்டு என்றவுடன் எல்லோரும் மின்னும் கழுத்தைத் தேடுகிறார்கள், மாணிக்கச் சிவப்பு, மயில் நீலம் என்று. துறவிகளிடம் அது கிடையாது. ஆணும் பெண்ணும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி, காய்ந்த இலை நிறத்தில், காட்டின் அடித்தளத்தில், வெயில் சல்லடை போட்டு இறங்கும் இடத்தில் இருக்கும். அங்கே மின்னி என்ன பயன்? அதனால் நிறத்தை விட்டுவிட்டு அலகின் வளைவு, முகத்தில் இருக்கும் பட்டை, வாலின் வடிவம் இந்த மூன்றைப் பிடித்தால் போதும். நான்காவதாக ஒன்று உண்டு, அது எந்த உயரத்தில் எப்படி வந்து போனது என்பது, என்னைக் கேட்டால் அதுதான் முதலில் வரவேண்டியது.

அலகு கறுப்பு, கீழ் அலகின் அடிப்பாதி மஞ்சள். கண்ணை ஒட்டி, கன்னம் முழுக்கக் கறுப்பாக ஒரு முகமூடி. அதற்கு மேலே வெளிர் பழுப்பில் புருவக்கோடு, கீழே அதே நிறத்தில் மீசைக்கோடு. முதுகு வெண்கலம் கலந்த பச்சை, ஆனால் நிழலில் பச்சை தெரியாது. பிட்டம் செங்கல் நிறம், பறவை உங்களை விட்டு விலகிப் போகும்போது கடைசியாகக் கண்ணில் படுவது இந்தச் செங்கல்தான். வயிறு இலவங்கப்பட்டை நிறம். வால் படிக்கட்டு மாதிரி, ஓர இறகுகள் குட்டை, நடுவுக்கு வர வர நீளம், நடு இரண்டும் கூராக நீண்டு, நுனிகள் எல்லாம் வெள்ளை அல்லது வெளிர் பழுப்பு. உங்கள் படத்தில் வால் நுனியில் தெரியும் வெளுப்பு இதுதான்.

தொண்டையில் கோடு இருக்கிறது என்று பெயர் சொல்கிறதே, கோட்டைக் காணோமே என்று யாரும் கலங்க வேண்டாம். அந்தக் கோடுகள் மங்கலானவை, பறவையைக் கையில் வைத்துப் பார்த்து வைத்த பெயர். 1854இல் ஆங்கிலேயப் பறவையியலாளர் ஜான் கோல்ட் இதற்குப் பெயரிட்டபோது அவர் முன்னால் இருந்தது பதம்செய்த தோல், காட்டுப் பறவை இல்லை. காட்டின் அரையிருட்டில் அந்தக் கோட்டைத் தேடிக்கொண்டிருந்தால் பறவை போய்விடும்.

இப்போது குழப்பக்கூடியவை. கோஸ்டா ரிகாவில் ஓசனிச்சிட்டுகளின் துறவிக் கிளையில் ஆறு இனம் இருக்கிறது, நல்ல வேளையாக மற்ற ஐந்தும் இதைவிடப் பெரியவை. லாங்-பில்டைச் சொன்னேன், அதன் நடு வால் இறகுகள் வெள்ளை நாடா மாதிரி நீண்டு பின்னால் ஆடும், ஒரு முறை பார்த்தால் மறக்காது. கிரீன் ஹெர்மிட் உடலே கரும்பச்சை, மலை அடிவாரத்துக்கு ஏறினால்தான் அதிகம். சிக்கில்பில் என்று ஒன்று, அலகு அரிவாள்தான், வேறு எதுவோடும் குழம்ப முடியாது. உண்மையாகக் கொஞ்சம் யோசிக்க வைப்பவை இரண்டு. பிரான்ஸி ஹெர்மிட் செம்பழுப்பு வயிற்றோடு இருக்கும், ஆனால் வால் அகலமாக உருண்டையாக முடியும், நீட்டிய நடு இறகு இல்லை, வாலின் அடியில் செம்பழுப்பும் பிறகு கறுப்புப் பட்டையும் உண்டு. பேண்ட்-டெயில்ட் பார்ப்த்ரோட் தொண்டை கறுப்பு, அதற்குக் கீழே ஆரஞ்சுத் திட்டு, வாலை விரித்தால் வெள்ளை, கறுப்பு, வெள்ளை. இரண்டுமே எடையில் நம் ஆளைப்போல இரண்டு மடங்கு வரும்.

அளவில் மட்டும் போட்டியிடுபவை ஓசனிச்சிட்டுகளில் வேறு கிளைக்காரர்கள். ஸ்னோகேப் பெண், தார்ன்டெயில் பெண், கோக்கெட் பெண் என்று பொடிப்பொடியாகச் சில உண்டு, கோக்கெட்டுக்கும் தார்ன்டெயிலுக்கும் பிட்டத்தில் வெள்ளைப் பட்டை ஒன்று உண்டு, தேனீ மாதிரி மெதுவாக மிதக்கும். ஆனால் இவற்றின் அலகு நேர், குட்டை. வளைவு என்று சொன்னவுடன் எல்லாம் பட்டியலை விட்டுப் போய்விடும்.

ஒரு பழைய குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். தங்கும் விடுதியின் அலமாரியில் 1989இல் வந்த கோஸ்டா ரிகா பறவைக் கையேடு இருந்தால், கேரி ஸ்டைல்ஸும் அலெக்ஸாண்டர் ஸ்கட்சும் எழுதியது, அதில் இந்தப் பறவை லிட்டில் ஹெர்மிட் என்ற பெயரில் இருக்கும். புத்தகம் தப்பில்லை. அப்போது தெற்கு மெக்ஸிகோ முதல் டிரினிடாட் வரை இருந்த பொடித் துறவிகள் பலவற்றை ஒரே இனமாக, ஃபேதோர்னிஸ் லாங்குவேமாரியஸ் என்று வைத்திருந்தார்கள். பின்னால் பிரித்தார்கள். லிட்டில் ஹெர்மிட் என்ற பெயர் டிரினிடாட், வெனிசுவேலாவின் வடகிழக்கு, கயானாக்கள் பக்கம் போய்விட்டது, மத்திய அமெரிக்காவிலும் அதை ஒட்டிய கொலம்பியா, மேற்கு எக்வடோர் பக்கமும் இருப்பவை ஸ்ட்ரைகுலாரிஸ் ஆகிவிட்டன. இணையத்தில் பழைய படங்கள் இரண்டு பெயரிலும் கலந்து கிடக்கின்றன. எங்கே எடுத்த படம் என்று முதலில் பாருங்கள், பெயர் அப்புறம்.

இனி நடத்தைக்கு வருகிறேன். சர்க்கரைத் தண்ணீர்க் குப்பி தொங்கும் திண்ணையில் உட்கார்ந்து இதைப் பார்த்துவிடலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். அங்கே வருபவர்கள் ரூஃபஸ்-டெயில்ட் போன்ற சண்டைக்காரர்கள், ஒரு செடியைத் தனதாக்கிக்கொண்டு அடுத்தவரைத் துரத்துவதிலேயே பாதி நாள் போகும், குழாயடி தோற்றது. துறவி அந்த வம்புக்கே போகாது. அதற்குப் பால்காரர் தொழில். காட்டுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் செடிகளை ஒரு வரிசையாக நினைவில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாசலிலும் ஓரிரு பூவைத் தொட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும், பிறகு அதே சுற்றில் திரும்பி வரும். வழியில் புதிதாக ஏதாவது நின்றால், முக்கியமாகச் சிவப்பாக ஏதாவது இருந்தால், நின்று சோதித்துவிட்டுத்தான் போகும். உங்கள் முகத்துக்கு நேரே வந்து நின்றது அந்தச் சோதனைதான். அன்று சிவப்புத் தொப்பியோ பையோ போட்டிருந்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

உங்கள் மூன்று நாளுக்கு இதில்தான் வழி இருக்கிறது. பறவையைத் தேடி நடக்காதீர்கள். அதே வளைவுக்குப் போய், அங்கே ஹெலிகோனியாவோ (வாழை மாதிரி இலை உள்ள செடி) இஞ்சிக் குடும்பத்துச் செடியோ பூத்திருக்கிறதா என்று பார்த்து, நாலடி தள்ளி உட்கார்ந்துவிடுங்கள். முதல் முறை வந்தபோது மணி பாருங்கள், மறுபடி வந்தபோதும் பாருங்கள். நான் முதல் தடவை போனபோது இது தெரியாமல் ஒரு நாள் முழுக்க அதே பாதையில் மேலும் கீழும் நடந்தேன், மூன்று முறை காதோரம் "விர்ர்" என்று போனதைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை, வண்டு என்று நினைத்துக் கையால் வேறு விரட்டியிருக்கிறேன். அடுத்த நாள் கால் வலியால் ஓரிடத்தில் உட்கார்ந்தேன், முன்மதியத்துக்குள் நான்கு முறை வந்துவிட்டது.

விடுதித் தோட்ட வேலியில் ஊதாப் பூ வைத்த கதிர் மாதிரி ஒரு செடி வளர்த்திருப்பார்கள், ஸ்டாக்கிடார்ஃபெட்டா. நம் ஊரில் சாலையோரம் முளைக்கும் சீமை நாயுருவி இருக்கிறதே, அதன் இனம்தான். பூ சின்னது, பெரிய ஓசனிச்சிட்டுகளுக்கு அதில் பெரிய லாபம் இல்லை, அதனால் பொடியன்கள் எல்லாம் அங்கே வரும், நம் துறவியும் வரும். காடு வேண்டாம், உட்கார நாற்காலி வேண்டும் என்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

நீள் குழல் பூக்கள் விஷயத்தில் இந்தத் துறவி அவ்வளவு யோக்கியன் இல்லை. அலகு எட்டாத பூவென்றால் அடியில் ஓட்டை போட்டுத் தேனை எடுத்துக்கொள்ளும், மகரந்தம் தொடாமல். பூவின் கணக்கில் பார்த்தால் இது திருட்டு.

இன்னொரு வழி காது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண்கள் ஒரே புதர்க்காட்டில், ஒன்றுக்கொன்று கேட்கும் தூரத்தில், தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குள் மெல்லிய குச்சிகளில் உட்கார்ந்து, வாலை ஆட்டி ஆட்டி நாள் முழுக்கப் பாடும். பாட்டு என்று பெரிதாக நினைக்க வேண்டாம், எண்ணெய் போடாத சைக்கிள் சக்கரம் மாதிரி கீச்சு ஒலி, திரும்பத் திரும்ப. வயதானவர்களுக்கு அந்த மேல்சுருதி கேட்காமலே போகலாம், கூட இளையவர் ஒருவரை வைத்துக்கொள்வது நல்லது. ஒரே இடத்தில் வருடா வருடம் கூடும் பழக்கம் துறவிகளுக்கு உண்டு, அதனால் உள்ளூர் வழிகாட்டிகளிடம் "பாடும் இடம் எங்கே" என்று கேட்டால் காட்டுவார்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று. டிரினிடாடின் லிட்டில் ஹெர்மிட் பாடும் கூட்டங்களை 1960களில் டேவிட் ஸ்நோ ஆராய்ந்தார், பிறகு ஹேவன் வைலி 1971இல் எழுதினார். பக்கத்துப் பக்கத்தில் உட்காருபவை ஒரே பாட்டைப் பாடுகின்றன, பத்திருபது அடி தள்ளி இருக்கும் அடுத்த குழுவுக்கு வேறு பாட்டு. அதாவது பாட்டு பிறவியில் வருவதில்லை, அக்கம்பக்கத்தில் கேட்டுக் கற்றுக்கொள்வது, தெருவுக்குத் தெரு பேச்சு மாறுகிற மாதிரி. ஓசனிச்சிட்டுகளும் பாட்டுக் கற்கும் பறவைகளில் சேர்த்தி என்பதற்கு ஆரம்பகாலத் தடயங்களில் இதுவும் ஒன்று. நீங்கள் இருக்கும் சாராபிக்கியிலேயே லா செல்வா ஆய்வு நிலையம் இருக்கிறது, லாங்-பில்ட் துறவிகளின் கூடுமிடங்களை ஸ்டைல்ஸும் லாரி வுல்ஃபும் வருடக்கணக்கில் அங்கேதான் பார்த்து 1979இல் வெளியிட்டார்கள். அரை நாள் கிடைத்தால் அங்கே வழிகாட்டியோடு நடந்துவிட்டு வாருங்கள்.

கூடு தென்பட்டால் அதிர்ஷ்டம். கிளையில் கிண்ணம் மாதிரி இருக்கும் கூட்டைத் தேடினால் கிடைக்காது. தொங்கும் பனைக்குடும்ப இலையின் நுனியில், உட்பக்கமாக, சிலந்தி நூலால் ஒட்டிக் கட்டியிருக்கும், கூம்பு வடிவம், கீழே காய்ந்த நார்களும் சருகும் வாலாகத் தொங்கும். அந்த வால்தான் எடைக்கல், அது இல்லாவிட்டால் பறவை உட்காரும் பக்கமாகக் கூடு சாய்ந்துவிடும். மழை மேலே இலையில் வழிந்துவிடும், கொடியிலும் மட்டையிலும் ஏறி வரும் பாம்புக்கு அந்த நுனி எட்டுவது கஷ்டம். முட்டை இரண்டு. தாய் மட்டும்தான் அடைகாக்கும், இலையைப் பார்த்தபடி முகத்தை ஒட்டி வைத்து, தலை பின்னால் சாய்ந்து, வால் மேலே தூக்கி, உடம்பையே ஆங்கில "யூ" எழுத்தாக மடக்கி உட்கார்ந்திருக்கும். பார்க்கும் நமக்கே கழுத்து வலிக்கும். ஆணுக்குக் கூடு இருக்கும் இடமே தெரியாது, அவர் பாட்டுக் கச்சேரியில் இருப்பார்.

இதைப் படிக்கும்போது மேற்குத் தொடர்ச்சி மலைப் பறவைக்காரர்களுக்குச் சிலந்திபிடிப்பான் ஞாபகம் வந்திருக்கும். சரிதான். அதற்கும் நீண்டு வளைந்த அலகு, காட்டு வாழைப் பூவில் தேன், வாழை இலையின் அடியில் தைத்த கூடு. ஆனால் உறவு ஒன்றும் இல்லை. சிலந்திபிடிப்பான் தேன்சிட்டுக் குடும்பம், ஓசனிச்சிட்டுக்கு நெருங்கிய சொந்தம் உழவாரன். ஒரே மாதிரிப் பூ, ஒரே மாதிரி இலை கிடைத்தால் இரண்டு கண்டத்தில் இரண்டு குடும்பம் தனித்தனியாக ஒரே தீர்வுக்கு வந்து நிற்கின்றன.

கொசுறாக ஒன்று. உங்கள் முகத்துக்கு நேரே நின்ற அந்த 2 கிராம் பறவையின் மூக்குத் துளைக்குள் பயணிகள் இருந்திருக்கலாம். பூவில் வாழும் நுண்ணிய சிலந்திப்பேன்கள், தேனையும் மகரந்தத்தையும் தின்பவை, ஒரு பூ வாடும் முன் அடுத்த பூவுக்குப் போக நடந்து போக முடியாது. பறவை அலகை நுழைத்த ஓரிரு விநாடிக்குள் அலகின் மேல் ஓடி மூக்குத் துளையில் ஏறிக்கொண்டு, தங்களுக்குரிய செடி வந்ததும் வாசம் பிடித்து இறங்கிவிடும். ராபர்ட் கோல்வெல் என்ற சூழலியலாளர் இதையே பல்லாண்டு ஆராய்ந்தார். பால்காரர் என்று சொன்னேன், உண்மையில் மினி பஸ்ஸும்தான்.

படம் எடுப்பது பற்றி: காட்டுக்குள் வெளிச்சம் குறைவு, பறக்கும்போது முயன்றால் மறுபடியும் கலங்கல்தான் வரும். அது வழக்கமாக உட்காரும் குச்சி ஒன்றைக் கண்டுபிடித்து அதில் குவியம் வைத்துக் காத்திருங்கள். கைபேசிதான் இருக்கிறது என்றால் படத்தை மறந்துவிட்டு வீடியோ எடுங்கள், பிறகு ஒவ்வொரு சட்டமாக நகர்த்தினால் வால் விரிந்த ஒரு நொடி எங்காவது அகப்படும், குரலும் பதிவாகியிருக்கும். கூட்டுக்குப் பக்கத்தில் ஃபிளாஷ் வேண்டாம், இலையை ஒதுக்கிவிட்டுப் படம் எடுப்பதும் வேண்டாம், ஒதுக்கிய இலை நாளைக்கு மழையை உள்ளே விடும்.

பார்த்த பறவைகளைப் பதியும் ஈபேர்ட் இணையதளத்தில், உங்கள் பட்டியலில், இந்தப் பறவையை இந்தப் பெயரிலேயே தாராளமாகப் போடுங்கள். கலங்கலான படத்தையும் சேர்த்தே போடுங்கள், குறிப்பில் அது வந்த உயரத்தையும், முகத்துக்கு நேரே நின்றதையும், மணியையும் எழுதிவிடுங்கள்.